கேஸ் மாத்திரையும் கை நடுக்கமும்

அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காட்டுமன்னார்கோவில், புவனகிரி, பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து வரும் வயதானவர்கள், வீட்டில் இருக்கிற மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். பாதி பிய்த்த அட்டைகள், கசங்கிய சீட்டுகள், பெயர் எழுதாத காகித உறைகள். பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது. முழங்கால் வலிக்கு எழுதியவர் கடலூரில் ஓர் எலும்பு மருத்துவர். நரம்புக்குப் புதுச்சேரி ஜிப்மரில் பார்த்தது. நெஞ்செரிச்சலுக்கும் தலைசுற்றலுக்கும் யாரும் எழுதவில்லை, தெருமுனை மெடிக்கலில் சொல்லி வாங்கியது. ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியாக ஒரு நியாயம் இருக்கும். பை முழுவதையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்.

பார்க்கின்சன் நோய் உள்ள முதியவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. அந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்து மூளையில் எதைக் கூட்டுகிறதோ, அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகள் வயிற்றுக்கோளாறுக்கும் தலைசுற்றலுக்கும் நம் ஊர்களில் சர்வசாதாரணமாகக் கைமாறுகின்றன. இன்னும் கவலை தருவது, பார்க்கின்சன் நோயே இல்லாத முதியவருக்கும் இந்த மாத்திரைகள் அதே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கக்கூடும் என்பது. வயதான ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கினால், நடை சிறுத்துப்போனால், ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன்னால் அந்தப் பையைத் தரையில் கொட்டிப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, உடலசைவை ஒழுங்குபடுத்தும் பகுதிகளுக்கு அனுப்புகின்றன. அந்த அணுக்கள் பல ஆண்டுகளாகக் கொஞ்சங்கொஞ்சமாக அழிவதால் வருவது பார்க்கின்சன் நோய். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நம் சித்த மருத்துவர்கள் நடுக்குவாதம் என்பார்கள். சும்மா மடியில் வைத்திருக்கும் கை நடுங்கும். கைகால் விறைக்கும். சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம் ஆகும். முகத்தில் சிரிப்பும் கோபமும் தெரியாது. கையெழுத்து வரவரப் பொடியாகும்.

சுரந்தால் மட்டும் போதாது, டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் திறந்திருக்க வேண்டும். வீராணம் ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் கடைமடை காயும். ஏரி நிறைந்திருந்து மதகை அடைத்துவிட்டாலும் கடைமடை காயும். வயலில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பார்க்கின்சன் நோய் முதல் வகை. டோபமைன் ஏற்பிகளை அடைக்கும் மருந்துகளால் வருவது இரண்டாம் வகை. நோய் ஏற்கெனவே இருப்பவருக்கு அந்த மருந்தையும் கொடுத்தால், வற்றிய ஏரியில் மதகையும் அடைத்த கதைதான்.

டோபமைன் குறைந்தால் உடல் இறுகும் என்ற உண்மை மருத்துவ உலகத்துக்குப் பிடிபட்டதே ஒரு மருந்தின் தீய விளைவிலிருந்துதான். அந்த மருந்து வந்தது நம் நாட்டுச் செடியிலிருந்து. சர்ப்பகந்தி வேரைத் தூக்கத்துக்கும் மனக்கலக்கத்துக்கும் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949இல் மும்பையைச் சேர்ந்த ருஸ்தம் ஜல் வக்கீல் அதைப் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு, பிரஷர் மருந்தாக நாடு நாடாகப் போனது. போன இடமெல்லாம் ஒரு செய்தி திரும்பி வந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் சோர்ந்து, உடல் இறுகி, பார்க்கின்சன் நோயாளிகளைப் போல ஆனார்கள்.

சுவீடனில் அர்விட் கார்ல்சன் 1957இல் இதைச் சோதித்தார். ரெசர்பின் கொடுத்த முயல்கள் காது தொங்கி அசையாமல் கிடந்தன. அவற்றுக்கு லெவோடோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றியதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. மூளையில் சேர்த்துவைத்திருந்த டோபமைனை ரெசர்பின் காலிசெய்கிறது, லெவோடோபா உள்ளே போய் டோபமைனாக மாறி அதை ஈடுகட்டுகிறது என்று தெரிந்தது. 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் கார்ல்சனும் ஒருவர்.

அந்த லெவோடோபாவுக்கும் தமிழ்நாட்டில் ஒரு முன்கதை உண்டு. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்து, இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் எழுதினார்கள். தொட்டால் அரிக்கும், வேலியோரத்துக் கொடி. அன்றைக்கு அது நடுக்கத்தைத் தீர்க்கும் என்று ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. 1961இல் வியன்னாவில் பிர்க்மாயரும் ஹார்னிகீவிச்சும் நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டுப் பார்த்தார்கள். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் அதை வாய்வழியாகப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, படுத்த படுக்கையாக இருந்தவர்களை நடக்கவைத்தார். இன்றும் இந்த நோய்க்கு அதைவிட வலுவான மாத்திரை வரவில்லை.

இனி நம் ஊர் மாத்திரைப் பைக்கு வருவோம். முதலில் கேஸ் மாத்திரை.

பார்க்கின்சன் நோய் கையில் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வயிற்றில் தொடங்கிவிடுவதுண்டு. குடல் மந்தமாகும், மலம் இறுகும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். இவற்றையெல்லாம் நாம் ஒரே பெயரில் 'கேஸ்' என்கிறோம். மெடிக்கலில் போய் 'கேசுக்கு ஒரு மாத்திரை' என்றால் அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஒன்று கிடைக்கும். அமிலத்தைக் குறைப்பதோடு நின்றால் நடுக்கத்தைப் பொறுத்தவரை பாதகமில்லை. ஆனால் நம் சந்தையில் அதோடு இன்னொரு மருந்தையும் சேர்த்து ஒரே கேப்சூலாக விற்கிறார்கள். பெயரின் முடிவில் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும். 'டி' என்று முடிந்தால் பெரும்பாலும் டோம்பெரிடோன். 'எல்' என்று முடிந்தால் பல தயாரிப்புகளில் அது லெவோசல்பிரைடு, வழக்கமாக 75 மில்லிகிராம். அந்த ஓர் எழுத்தில் ஒரு முதியவரின் நடை அடங்கியிருக்கிறது.

லெவோசல்பிரைடு மூளைக்குள் போய் டோபமைன் ஏற்பிகளை அடைக்கும். மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது, வயிற்றை வேகமாகக் காலிசெய்கிறது என்பதால் கேஸ் மாத்திரைக்குள் வந்துவிட்டது. இதனால் பார்க்கின்சன் அறிகுறிகளும், வாயும் நாக்கும் தாமாக அசையும் கோளாறும் வருவதைக் கொரிய நரம்பியல் மருத்துவர்கள் 2009இல் விரிவாகப் பதிவுசெய்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் கணிசமானவர்களுக்கு அது முழுதாகத் தீரவில்லை என்பதுதான் அந்தப் பதிவில் நெஞ்சை உறுத்துவது.

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இதே வேலையைச் செய்யும். 1995இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் அரசு மருத்துவ உதவி பெற்ற 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் மருந்துப் பதிவுகளை ஜெர்ரி ஏவோர்னும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். மெட்டோகுளோபிரமைடு சாப்பிட்டவர்களுக்குப் புதிதாகப் பார்க்கின்சன் மருந்து தொடங்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைப்போல மூன்று மடங்கு இருந்தது. என்ன நடந்திருக்கும்? வயிற்றுக்கு மாத்திரை, அதனால் நடுக்கம், நடுக்கத்தைப் பார்த்துப் 'பார்க்கின்சன்' என்று முடிவு, அதற்கு ஒரு மாத்திரை. வயிற்று மாத்திரையை நிறுத்தியிருந்தால் பலருக்கு அடுத்த மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013இல் மெட்டோகுளோபிரமைடை ஐந்து நாளுக்கு மேல் தொடரக் கூடாது என்றது. நம் வீடுகளில் கேஸ் மாத்திரையை ஐந்து நாளோடு நிறுத்துகிறவர் யார்? 'அது ஒண்ணும் செய்யாது, தினமும் போடலாம்' என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கணக்கில் போகிறது.

டோம்பெரிடோன் மூளைக்குள் எளிதில் நுழையாது. அதனால் பார்க்கின்சன் நோயாளிக்கு வாந்தி வந்தால் நரம்பியல் மருத்துவர்கள் அதையே எழுதுகிறார்கள். ஆனால் அது இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியது. வயதானவருக்கு, அதுவும் இதய நோய் இருப்பவருக்கு, ஈசிஜி பார்த்துவிட்டு, நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படாமல், சில நாள் மட்டும் கொடுப்பதே முறை.

வாந்தி ஏன் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லெவோடோபா மூளைக்குப் போகும் வழியிலேயே ரத்தத்தில் டோபமைனாக மாறிவிட்டால் குமட்டும். அதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபா சேர்க்கிறார்கள். அதற்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா வேண்டும். இங்கே பலரும் சாப்பிடும் 110 என்ற எண் போட்ட மாத்திரையில் லெவோடோபா 100, கார்பிடோபா 10. அதை மூன்று வேளை சாப்பிட்டால் கார்பிடோபா வெறும் 30 மில்லிகிராம்தான் உடம்பில் சேரும். குமட்டாமல் என்ன செய்யும்? 100க்கு 25 சேர்ந்த மாத்திரைக்கு மருத்துவர் மாற்றிக்கொடுத்தாலே பலருக்குக் குமட்டல் அடங்கிவிடும், வாந்தி மாத்திரைக்கே வேலையில்லை. அட்டையில் உள்ள 110, 275 என்ற எண்கள் இரண்டு மருந்துகளையும் கூட்டிய எடை என்பதும் பலருக்குத் தெரியாது. 110 இல்லை என்று கடையில் 275 கொடுத்தால், லெவோடோபா இரண்டரை மடங்காகிவிட்டது என்று பொருள்.

அடுத்தது தலைசுற்றல். சின்னரிசின், புளூனரிசின், புரோகுளோர்பெரசின் என்ற மூன்று பெயர்களையும் வயதானவர் இருக்கும் வீட்டில் எழுதி ஒட்டிவைக்கலாம். தலைசுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் பயணத்தில் வரும் குமட்டலுக்கும் தாராளமாகப் புழங்குபவை இவை. மூன்றும் டோபமைன் ஏற்பியை அடைக்கும். அதிலும் புளூனரிசின் உடம்பைவிட்டு எளிதில் போகாது. கடைசி மாத்திரை போட்டு மூன்று வாரம் கழிந்த பிறகும் ஏறக்குறைய பாதி உள்ளேயே இருக்கும். 'மாத்திரையை நிறுத்தியாச்சு, நடுக்கம் போகலையே' என்று ஒரு மாதத்தில் முடிவுகட்டிவிடக் கூடாது. மருந்தால் வந்த நடுக்கம் தணியச் சிலருக்கு வாரங்கள், சிலருக்கு ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகும். அதற்குப் பிறகும் தணியாதவர்களில் சிலருக்கு உண்மையிலேயே பார்க்கின்சன் நோய் உள்ளே மறைந்திருந்து, மருந்தால் முன்கூட்டி வெளிப்பட்டிருக்கும்.

பார்க்கின்சன் நோயாளியின் தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் காது காரணமில்லை, ரத்த அழுத்தம்தான். எழுந்து நின்றதும் அது சட்டென இறங்கும். நோயே அதைச் செய்யும், லெவோடோபாவும் செய்யும், சிறுநீர் தடைக்கு எழுதும் டாம்சுலோசினும் செய்யும், சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீர் குறைந்தாலும் ஆகும். கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்து, எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தால் போதும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதுதான் காரணம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நடக்க முடியாத முதியவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் பார்க்கின்சன் நோய் முற்ற முற்ற ரத்த அழுத்தம் தானாகவே இறங்கிவரும். பத்து ஆண்டுக்கு முன் 170 இருந்தபோது எழுதிய அம்லோடிபின், இன்று நின்றால் 95 இருக்கிறவருக்கும் மாதா மாதம் வந்துகொண்டே இருக்கலாம். உட்காரவைத்துப் பார்த்தால் 130 காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. நிற்கவைத்துப் பார்க்கும்படி வீட்டில் உள்ளவர்கள் கேட்க வேண்டும். இரவில் பாத்ரூம் போக எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது. தூக்கத்துக்குச் சாப்பிடும் அல்பிரசோலமும் சேர்ந்தால் விழுவது இன்னும் எளிது.

வீட்டாரை மிகவும் பயமுறுத்துவது வேறொன்று. நோய் சில ஆண்டுகள் ஆனபின் சிலருக்கு இல்லாத ஆட்கள் தெரிவார்கள். மூலையில் குழந்தைகள் விளையாடுவதாகச் சொல்வார்கள், இறந்துபோன உறவினர் வந்து நிற்பதாகச் சொல்வார்கள். காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போகிறவர்களும் உண்டு. அவசரத்துக்குப் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் ஹாலோபெரிடால் ஊசி போடும் வாய்ப்பு அதிகம். அது டோபமைன் ஏற்பிகளை முழு வேகத்தில் அடைக்கும் மருந்து. மறுநாள் அந்த மனிதர் கட்டையாகிவிடுவார், விழுங்கவும் முடியாது. ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் இரண்டும் இவருக்கு ஆகாது. மருந்து தேவையே என்றால் குவெட்டியாபின் சிறு அளவில், அல்லது ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்த்துக்கொண்டு குளோசபின். மருத்துவர்கள் கையாளும் முறை இது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்து வெளியிட்டுவரும் 'பியர்ஸ் பட்டியல்' 1991இல் மார்க் பியர்ஸ் தொடங்கியது. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் அது. நான் மேலே சொன்ன மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் போன்ற வாந்தி மருந்துகளையும், ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் போன்ற மனநோய் மருந்துகளையும் பார்க்கின்சன் நோயாளிக்குக் கொடுக்காதீர்கள் என்று அதிலும் சொல்லியிருக்கிறது.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, குழப்பம் ஏன் வந்தது என்பதை. சிறுநீரில் கிருமி, நாலைந்து நாள் மலம் போகாதது, உடம்பில் நீர் குறைந்தது, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். பையில் டிரைஹெக்சிபெனிடில் இருக்கிறதா என்று பாருங்கள். நடுக்கத்துக்கென்றே கொடுக்கும் பழைய மாத்திரை, விலை மிகக் குறைவு, இன்றும் ஏராளமாக எழுதப்படுகிறது. 45 வயதுக்காரரின் நடுக்கத்துக்கு உதவும். 75 வயதுக்காரருக்கு ஞாபகம் குழம்பும், வாய் வறளும், மலம் இறுகும், சிறுநீர் அடைக்கும், இல்லாதது தெரியும். வயதானவருக்கு இதைத் தொடராமல் இருப்பது நல்லது என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் சட்டென நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ராசஜிலின், செலெஜிலின் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. வறட்டு இருமலுக்கான பல சிரப்புகளில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கிறது. கடுமையான வலிக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் டிரமடால். சளி மாத்திரையில் பினைல்எப்ரின். மூன்றும் இவர்களுக்கு ஆபத்து: காய்ச்சலும் படபடப்பும் குழப்பமும் வரலாம், ரத்த அழுத்தம் எகிறலாம். வலிக்கும் காய்ச்சலுக்கும் வெறும் பாராசிட்டமால் போதும். பிராமிபெக்சோல், ரோப்பினிரோல் சாப்பிடுகிறவர் திடீரென்று போனில் ரம்மி விளையாடிப் பணத்தை விட்டாலோ, அடக்க முடியாமல் எதையாவது வாங்கிக் குவித்தாலோ அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். மாத்திரையின் வேலையாக இருக்கலாம், மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

நாட்டு மருந்துக் கடையிலும் இதே கவனம் வேண்டும். நரம்புத் தளர்ச்சிக்கும் ஆண்மைக்கும் என்று விற்கும் லேகியங்களிலும் சூரணங்களிலும் பூனைக்காலி சேர்ப்பது வழக்கம். சேப்பாக்கத்தில் பிரித்தெடுத்த அதே லெவோடோபா அதில் உண்மையாகவே இருக்கிறது, விதையின் எடையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு அளவுக்கு. 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் பூனைக்காலிப் பொடியையும் வழக்கமான மாத்திரையையும் ஒப்பிட்டபோது பொடி சீக்கிரமே வேலை செய்தது. மரபு மருந்து வீண் என்று யாரும் சொல்ல முடியாது. வேலை செய்வதால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது: ஆங்கில மருந்தோடு ரகசியமாக இதையும் சேர்த்தால் லெவோடோபா அளவு மீறி, உடம்பு தானாக முறுக்கி ஆடும், பிரஷர் இறங்கும், மனம் குழம்பும். கொடிக்குக் கொடி, கடைக்குக் கடை அளவும் மாறும். சர்ப்பகந்தி சேர்ந்த தூக்க மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ இருந்தால் அதில் ரெசர்பின் இருக்கிறது. கார்ல்சனின் முயல்களுக்கு நேர்ந்தது இவருக்கும் நேரும்.

எல்லா மாத்திரையும் சரியாகவே இருந்தாலும், லெவோடோபாவுக்கு நேரம் தவறக் கூடாது. நோய் முற்றியவருக்கு ஒரு மாத்திரையின் வேலை மூன்று நான்கு மணி நேரம்தான் நிற்கும். அரை மணி தாமதித்தால் நாற்காலியிலிருந்து எழ முடியாது. பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றின் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வழியாக உள்ளே போகின்றன. மூளைக்குள் நுழைவதும் ஒரே வழி. ஆகவே சாம்பாரும் மீன்குழம்பும் சாப்பிடுவதற்கு அரை மணி முக்கால் மணி முன்பாக மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டுக்கொள்ள வேண்டும். புரதத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, வயதானவர்களுக்கு அது அவசியம். சத்து மாத்திரையில் உள்ள இரும்பு லெவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதற்கு இரண்டு மணி நேர இடைவெளி தேவை. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை நசுக்கிக் கொடுத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் சிதம்பரத்தில் விரதம் இருக்கிற முதியவர்கள் உணவோடு மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொள்வதால் விரதம் கெடாது என்று வீட்டில் பெரியவர் ஒருவர் சொன்னால் கேட்பார்கள். ஆபரேஷனுக்கு முன் 'வாயில் எதுவும் வைக்கக் கூடாது' என்று சொன்னாலும் இதே ஆபத்துதான். மயக்க மருத்துவரிடம் பார்க்கின்சன் என்று முன்பே சொன்னால், ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரை கொடுக்கவும், விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகச் செலுத்தவும் அவர் ஏற்பாடு செய்வார். ஆபரேஷனுக்குப் பின் வரும் வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். லெவோடோபாவைச் சட்டென நிறுத்தினால் வெறும் நடுக்கத்தோடு போகாது. சிலருக்குக் கடும் காய்ச்சல், மரம்போன்ற விறைப்பு, நினைவு தடுமாற்றம் என்று உயிரையே வாங்கிவிடும்.

கடலூர்க்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பயம். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரையேறியபின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, சாலை இல்லை. 2015 வெள்ளம், 2020இல் நிவர், 2024இல் பெஞ்சல் என்று அது நின்றபாடில்லை. கெடிலமும் தென்பெண்ணையும் பொங்கி வீட்டைச் சூழ்ந்த நாளில் பார்க்கின்சன் மாத்திரை தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன வரிகளோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஐப்பசி பிறக்கும் முன் இரண்டு வார மாத்திரையைக் கூடுதலாக வாங்கி, நனையாத டப்பாவில் போட்டு, முகாமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் பையிலேயே வைத்துவிட வேண்டும். மாத்திரைப் பெயர், அளவு, நேரம், கொடுக்கக் கூடாத மருந்துகளின் பெயர் எல்லாம் எழுதிய ஒரு தாளும் அதில் இருக்கட்டும். முகாமில் பார்க்கும் மருத்துவர் முன்பின் தெரியாதவராக இருப்பார்.

பையைக் கொட்டிப் பார்ப்பது யார் வேலை? வீட்டில் ஒருவர் முதலில் எல்லா அட்டைகளையும் வைத்து, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டுப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். தாங்களாகவே எதையும் நிறுத்த வேண்டாம். மனநோய்க்கு ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர் நிறுத்தினால் அது வேறு விபரீதத்தில் முடியும். அந்தத் தாளோடு, நோய்க்கு எழுதும் ஏதாவது ஒரு மருத்துவரை இவர்தான் பொறுப்பு என்று வரித்துக்கொண்டு, அவரிடம் போக வேண்டும். எந்த மாத்திரை எந்த மாதம் தொடங்கியது, கை நடுங்கத் தொடங்கியது எந்த மாதம் என்ற இரண்டு விவரங்களும் அவருக்கு எந்த ஸ்கேனைவிடவும் உதவும்.

லெவோசல்பிரைடும் மெட்டோகுளோபிரமைடும் புளூனரிசினும் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் விற்க வேண்டியவை. வயதானவர் கேட்டு வந்தால், கை நடுங்குகிறதா என்று கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கலாம். சிதம்பரத்துக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறை, உயிர்வேதியியல் துறை, பக்கத்திலேயே மருத்துவமனை எல்லாம் ஒரே வளாகத்தைச் சுற்றி இருக்கின்றன. எலிகளுக்கு நடுக்கத்தை உண்டாக்கி மூலிகைப் பொருள்களைச் சோதிக்கும் பார்க்கின்சன் ஆய்வுகள் அங்கிருந்து நிறைய வெளிவந்திருக்கின்றன. அந்த அறிவு வாரத்துக்கு ஒரு நாள் ஓ.பி. வாசலில் ஒரு மேசை போட்டு, முதியவர்களின் பைகளைப் பிரித்துப் பார்த்தால் எத்தனை பேரின் நடை திரும்பும் என்று எண்ணுகிறேன். வீடு வீடாக வரும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்களுக்கும் ஐந்தாறு மருந்துப் பெயர்களைப் பழக்கிவிட முடியும்.

மருந்தால் தீங்கு வந்தால் பதிவுசெய்ய இந்திய மருந்து விழிப்புணர்வுத் திட்டம் 2010 முதல் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ வீட்டில் உள்ளவரோ நேரடியாகப் பேசித் தெரிவிக்கலாம், மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. கேஸ் மாத்திரை போட்ட பிறகு நடுக்கம் வந்தது, நிறுத்திய பிறகு போனது என்பதும் அங்கே பதியவேண்டிய செய்திதான்.